பி ஷிப்ட் தட்டு

பிரேமலதா கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு. எச்.ஆர். அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. மேஜைமேல் தெலுங்கில் அச்சடித்த ஒரு பக்கக் கடிதம், கடிதத்தின்மேல் மூடி திறந்த பேனா, பேனாவுக்குப் பக்கத்தில் மரியாதைக்கு ஒரு கப் டீ. அவர்கள் தரப்பில் எல்லாம் தயாராக இருந்தது. இவள் கைதான் மடியை விட்டு எழவில்லை.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். 'விலை கூடிய பிளாஸ்டிக் குருணையை விலை குறைந்த சரக்கில் கலந்தது நான். கவனக்குறைவால் நடந்துவிட்டது. மன்னிக்கவும்.' கையெழுத்துப் போட்டால் மெஷினை விட்டு ஹவுஸ்கீப்பிங்குக்கு மாற்றுவார்கள். துடைப்பம் பிடிக்க வேண்டும், ஆனால் வேலை இருக்கும். போடாவிட்டால் விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்க வேண்டும். அந்தக் கம்பெனியில் ஒரு விசாரணை முடிந்ததாக இதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை.

"சந்தகம் பெட்டம்மா," என்று கையெழுத்துப் போடச் சொன்னார் எச்.ஆர். மேடம், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரலில்.

"கலந்திருந்தா போடுவேன் மேடம். நான் கலக்கலையே," என்று இவளும் தெலுங்கிலேயே பதில் சொன்னாள்.

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் ஜெயச்சந்திரன் கும்மிடிப்பூண்டிக்காரர். அவர் தமிழில் சமாதானத்துக்கு வந்தார். "அட, போட்டுட்டுப் போம்மா பிரேமா. ஒரு கையெழுத்துதானே."

"ஒரு கையெழுத்துதான்னா நீங்களே போட்டுக்கினு போங்க சார்."

சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்து எழுந்தாள். டீயோடு அவளுக்கு எந்தச் சண்டையும் இல்லை.

அவள் வாயில் 'இல்லை' என்ற சொல் புதிதல்ல. ஆந்திராவில் நகரிக்குத் தெற்கே, பொடி நடையாகப் போனால் தமிழ்நாடு வந்துவிடுகிற ஒரு ஊரில் பிறந்தவள். அப்பா கங்கையா பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்து, நாற்பது வயதுக்குமேல் சர்க்கார் கொடுத்த ஒரு ஏக்கர் கல்லாங்காட்டுக்குச் சொந்தக்காரர் ஆனவர். அம்மா செல்லியம்மா திருப்பதி ஓட்டல்களுக்குத் தையல் இலை தைத்துக் கொடுத்தவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. பள்ளியில் இவளை அரவப் பிள்ளை, அதாவது தமிழ்க்காரப் பிள்ளை என்றார்கள். திருத்தணியில் சித்தி வீட்டுக்குப் போனால் தெலுங்குக்காரி என்றார்கள். இரண்டு பக்கமும் மாறி மாறித் தள்ளிவிட்டதில் இவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யார் எதைச் சொன்னாலும் முதலில் இல்லை என்பாள், பிறகுதான் யோசிப்பாள். அதனால் கெட்டதும் உண்டு. பத்தாவதுக்குமேல் படிக்கப் போகிறாயா என்று ஹெட்மாஸ்டர் கேட்டபோதும் இதே வேகத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதாள்.

புருஷன் ரமணா நகரியில் பவர்லூம் ஓட்டினான். நூல் விலை ஏறி முதலாளி தறியை இரும்பு விலைக்குப் போட்ட பிறகு, குவைத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவராகப் போனான். இவள் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். முள்ளும் புதரும் கிடந்த நிலத்தில் உலகத்துக் கம்பெனியெல்லாம் வந்து இறங்கியிருந்த காலம். கார் செய்தார்கள், செல்போன் செய்தார்கள், பிஸ்கட் செய்தார்கள். இவள் போய்ச் சேர்ந்த இடத்தில் தட்டு செய்தார்கள்.

சாப்பிடுகிற தட்டு இல்லை, எறிகிற தட்டு. அமெரிக்காவில் அப்படி ஒரு விளையாட்டு இருக்கிறதாம். கோல்ஃப்தான், ஆனால் பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் ஒரு கூடை. தூரத்தில் நின்று தட்டை எறிந்து கூடையில் விழவைக்க வேண்டும். ஒவ்வொருவரும் பை நிறையத் தட்டு வைத்திருப்பார்கள். இடப்பக்கம் வளைய ஒன்று, வலப்பக்கம் வளைய ஒன்று, நேரே போக ஒன்று. தட்டு எறிந்து விளையாடுவதற்கு நாற்பது வயது ஆண்கள் காரில் போகிறார்கள் என்று முதலில் கேட்டபோது பி ஷிப்ட் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கன்டெய்னர் கன்டெய்னராகச் சரக்கு போவதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

கம்பெனியில் தட்டுக்கு அச்சு ஒன்றுதான், பிராண்டு இரண்டு. கருடன் முத்திரை குத்தினால் உசத்தி, நட்சத்திர முத்திரை குத்தினால் அதில் பாதி விலை. உள்ளே போகும் குருணையில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு, அவ்வளவுதான். காலை ஏ ஷிப்ட்டில் கருடன் ஓடும். மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் பி ஷிப்ட்டில் நட்சத்திரம் ஓடும். பி ஷிப்ட்டில் மெஷினுக்குக் குருணை கொட்டுவதும், வெந்து வெளியே வரும் தட்டை எடுத்து விளிம்பு சீவுவதும் பிரேமலதா வேலை.

மூன்று வருடம் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. சித்தூர் ஜில்லாவிலிருந்து திருப்பதி ஜில்லாவைப் பிரித்த அந்த வருடம்தான் புகார் வர ஆரம்பித்தது. வேலை ஒரு ஜில்லா, வீடு ஒரு ஜில்லா என்று ஆகிப்போன நேரத்தில் வேலைக்கே வேட்டு வைக்க ஒரு புகார். புகாரும் விசித்திரமான புகார். அமெரிக்காவில் ஆட்டக்காரர்கள் இன்டர்நெட்டில் அடித்துக்கொள்கிறார்களாம். கருடன் தட்டு ஒன்று போகிற மாதிரி இன்னொன்று போவதில்லை. ஒரே எடை, ஒரே அளவு, ஒரே நிறம். ஒன்று நேராகப் போகிறது, ஒன்று பாதியில் படுத்துவிடுகிறது. ஆனால் நட்சத்திரத்தில் எந்தத் தட்டை எடுத்தாலும் ஒரே மாதிரி பறக்கிறது. பாதி விலைச் சரக்கு உசத்திச் சரக்கைவிட நன்றாக இருந்தால், உசத்திச் சரக்கை விற்பவனுக்கு எப்படித் தூக்கம் வரும்?

கம்பெனியில் எடை போட்டார்கள். நூற்று எழுபத்தைந்து கிராம், எல்லாம் சரி. அளவுகோல் வைத்தார்கள், அதுவும் சரி. அச்சைக் கழற்றிப் பார்த்தார்கள், சரி. மீதி இருந்தது குருணை. கருடனுக்கு வந்த நல்ல குருணையை யாரோ நட்சத்திரத்தில் கலக்கிறார்கள் என்று முடிவு கட்டினார்கள். பி ஷிப்ட்டில் குருணை கொட்டுவது யார்? பிரேமலதா. கணக்கு அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. படித்தவர்கள் நாலு பேர் ஒரு வாரம் உட்கார்ந்து, கடைசியில் பத்தாவது படித்தவள் தலையில் கட்டிவிட்டு எழுந்தார்கள்.

அன்று சாயங்காலம் குவைத்திலிருந்து ரமணா போன் செய்தான்.

"போட்டுட்டு வேலையைப் பாரும்மே. பெருக்கற வேலைன்னா இன்னா, வேலைதானே."

"பெருக்கறதுக்கு நான் ஒண்ணும் வெக்கப்படலை. செய்யாததைச் செஞ்சேன்னு எழுதிக் குடுத்துட்டுப் பெருக்கணுமா?"

"உனுக்கு இன்னா நெனப்பு, கோர்ட்டா அது? அவுங்க கம்பெனி, அவுங்க பேப்பரு."

"பேரு என்னுது."

ரமணா சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்தான். அவன் பயமும் நியாயம்தான். வெளிநாட்டில் ஒருவர் வீட்டு வாசலில் காரோடு காத்துக் கிடப்பவனுக்கு, ஊரில் ஒரு வேலை என்பது பெரிய விஷயம். அது தெரிந்ததால்தான் இவளுக்கு அன்று இரண்டு வாய்க்குமேல் சோறு இறங்கவில்லை.

நாலு நாள் வீட்டில் சும்மா இருந்தாள். ஐந்தாம் நாள் தண்ணீர்க் குடத்தைத் திறக்கப் போனபோது குடத்தின் மூடி கையில் வந்தது. மூடி கருடன் தட்டு.

ஒவ்வொரு சங்கராந்திக்கும் கம்பெனி எல்லோருக்கும் ஸ்வீட் பாக்கெட்டோடு இரண்டு தட்டு கொடுக்கும். முத்திரை கோணலாக விழுந்ததால் தள்ளுபடியான தட்டு. மற்றபடி பழுது இல்லை. அந்த ஊரிலிருந்து பதினோரு பெண்கள் அந்த பஸ்ஸில் போகிறார்கள். ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் குடத்து மூடி அமெரிக்காக்காரன் தட்டுதான். கோழிக்குத் தவிடு வைப்பதும் அதில்தான். இதை அங்கே முப்பது டாலர் கொடுத்து வாங்குகிறவனுக்குக் காட்டினால் மயங்கி விழுவான்.

பிரேமலதா வீடு வீடாகப் போய் மூடிகளை வாங்கினாள். நாற்பத்தொரு தட்டு சேர்ந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் தேதியும், எந்த ஷிப்ட் என்ற எழுத்தும் சின்னதாகக் குத்தியிருக்கும். அவற்றை ஒரு கோணியில் போட்டுக்கொண்டு, அதே ஷிப்ட்டில் பேக்கிங் பார்க்கும் கமலம்மாவை ஏரிக்குக் கூப்பிட்டாள். கமலம்மாவுக்கு ஐம்பது வயது. மதியம் இரண்டு மணி வேலைக்கு ஒரு மணிநேரம் முன்னால் பஸ் வரும், காலையெல்லாம் ஓய்வு.

"எங்கடி, ஏரிக்கா? தண்ணியே இல்லாத ஏரியில இன்னா பண்ணப் போற?"

"தட்டு வுடப் போறேன், கமலக்கா."

"பைத்தியம் புட்ச்சிகிச்சு உனுக்கு," என்று சொல்லிவிட்டு அவளும் வந்தாள்.

லட்சம் தட்டை விளிம்பு சீவியவளுக்கு ஒரு தட்டை எறியத் தெரியவில்லை. முதல் தட்டு காலடியிலேயே விழுந்தது. இரண்டாவது பின்பக்கம் போனது. ஏரிக்குள் மேய்ந்த ஆடுகள் கமலம்மாவைவிட வேகமாக ஓடின. முதல் நாள் முழுக்க இதே கதி. தோள் வீங்கிவிட்டது. மறுநாள்தான் பிடிபட்டது. கையை வீசக் கூடாது. உடம்பு முதலில் திரும்ப வேண்டும், பிறகு முழங்கை, கடைசியில் மணிக்கட்டு. அதற்கப்புறம் தட்டு போக ஆரம்பித்தது. போகிற அழகைப் பார்த்து இருவரும் கொஞ்ச நேரம் வந்த காரியத்தையே மறந்துவிட்டார்கள் என்று சொன்னால் தப்பில்லை.

மூன்றாம் நாள் ஒழுங்காக நடத்தினாள். எதிரே ஒற்றைப் பனைமரம் குறி. ஒவ்வொரு தட்டையும் ஒரே இடத்தில் நின்று மூன்று தடவை எறிந்தாள். நட்சத்திரம் எல்லாம் பனைமரத்தைச் சுற்றியே விழுந்தது. கருடன் ஒன்று வேலிகாத்தான் புதரில், ஒன்று கரைமேல், ஒன்று ஆட்டு மந்தையில். கம்பெனி சொன்னது உண்மைதான் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே கோணியில் மீதியைத் துழாவினாள்.

பிறகுதான் அந்த ஆறு தட்டு வந்தது. கருடன் முத்திரை, ஆனால் அடியில் பி. போன தீபாவளிக்கு முன் அவசர ஆர்டர் என்று ஒரு வாரம் பி ஷிப்ட்டிலும் கருடன் ஓட்டினார்கள்; பாக்கி விழுந்த நட்சத்திரத்தை அடுத்த வாரம் ஏ ஷிப்ட்டில் ஓட்டினார்கள். அந்த ஆறையும் எறிந்தாள். ஆறும் பனைமரத்தடிக்குப் போயின. கோணியைக் கொட்டித் தேடியதில் நட்சத்திர முத்திரையோடு அடியில் ஏ என்று குத்திய நாலு தட்டும் கிடைத்தது. எறிந்தாள். நாலும் நாலு திசையில் போயின.

"கமலக்கா, பாத்தியா? கருடன் நட்சத்திரம்லாம் ஒண்ணும் இல்லை. குருணையும் இல்லை. ஏ ஷிப்ட்டு கோணலாப் போவுது, பி ஷிப்ட்டு நேராப் போவுது."

"அதே மிஷினு, அதே அச்சு. நாம இன்னாடி புச்சா செய்யறோம்?"

கேட்டுக்கொண்டே கமலம்மா ஒரு தட்டை மதகின் சிமென்ட் மேடையில் வைத்தாள். ஏ ஷிப்ட் தட்டு. விரலால் தொட்டதும் ஒரு பக்கம் தூக்கி ஆடியது. பி ஷிப்ட் தட்டை வைத்தாள். அது அசையாமல் உட்கார்ந்தது. பிரேமலதா இரண்டையும் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டாள்.

கல்.

மெஷினிலிருந்து வரும் சூட்டுத் தட்டை ஒவ்வொன்றாக ரேக்கில் பரப்பி ஆறவைக்க வேண்டும், அடுக்கக் கூடாது. சுவரில் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் மதியம் இரண்டு மணிக்குப் போனால் ரேக் முழுவதும் ஏ ஷிப்ட் தட்டு ஆறிக்கொண்டிருக்கும். பி ஷிப்ட்டுக்கு வைக்க இடம் ஏது? சேர்ந்த முதல் மாதமே பிரேமலதா தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கியவள் சும்மா இருந்தாளா? கேன்டீன் மேடைக்கு வெட்டியதில் மிஞ்சிக் கிடந்த கடப்பாக் கல் துண்டைத் தூக்கி வந்து, துணி போட்டு, அடுக்கின்மேல் வைத்தாள். வீட்டில் தைத்த இலைக்கு அப்படித்தான் செய்வார்கள். ஈர இலையை அடுக்கிக் கல் வைக்காவிட்டால் காய்ந்ததும் ஓரம் சுருண்டு போகும். ஓட்டல்காரன் திருப்பி அனுப்பிவிடுவான். அடுக்கு என்று ஒன்று இருந்தால் மேலே கல் இருக்க வேண்டும் என்பது அவள் கைக்குத் தெரிந்த சங்கதி. அதை அவள் யோசித்துச் செய்யவில்லை. அதனால்தான் இத்தனை நாள் ஞாபகமும் வரவில்லை. மற்ற பெண்களும் அவளைப் பார்த்து வைக்கப் பழகினார்கள். ஜெயச்சந்திரன் அந்தக் கல்லின்மேல் டீ கிளாஸ் வைத்துக் குடித்திருக்கிறாரே தவிர, இது எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ரேக்கில் தனித்தனியாகக் கிடந்த தட்டு, ஃபேன் காற்று படுகிற பக்கம் சீக்கிரமும் மறுபக்கம் மெதுவாகவும் ஆறி முறுக்கிக்கொண்டது. கல்லுக்கு அடியில் இருந்தது ஒன்றாக, நிதானமாக, ஒரே வடிவில் ஆறியது. விஷயம் அவ்வளவுதான்.

சந்தோஷப்பட வேண்டியவள் பயந்தாள். பத்து நாளாக நான் ஒன்றும் செய்யவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது பார்த்தால் செய்திருக்கிறாள். சுவரில் ஒட்டியதை மீறினால் வேலை போகும் என்று முதல் நாளே சொல்லித்தான் சேர்த்தார்கள்.

ரமணாவிடம் சொன்னபோது அவன் பதறிவிட்டான். "இத்தை வெளிய சொல்லாத. கலக்கலைன்னு மட்டும் சொல்லு, அது போதும்."

"நான் செய்யாததைச் செஞ்சேன்னு அவுங்க எழுதினது பொய்யின்னா, செஞ்சதைச் செய்யலைன்னு நான் சொல்றதும் பொய்யிதானே?"

"உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியாது."

"ஜெயிக்க வாணாம். பக்கத்துல நில்லு, போதும்."

அவன் மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தான். இருந்தாலும் "சரி, போ" என்றான். அந்த ஒரு வார்த்தை அவளுக்குப் பெரிதாக இருந்தது.

தட்டு வாங்கும் கம்பெனியின் ஆள் அமெரிக்காவிலிருந்து வியாழக்கிழமை வருகிறார் என்று கமலம்மா சேதி கொண்டுவந்தாள். அன்று காலை பிரேமலதா கோணியோடு கேட்டில் போய் நின்றாள். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. அவள் உள்ளே விடச் சொல்லிக் கேட்கவும் இல்லை. நாற்பத்தொரு தட்டையும் ரோட்டோரமாகப் பரப்பிவைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஆட்டக்காரனாக இருந்தால் இதைத் தாண்டிப் போகமாட்டான் என்பது அவள் கணக்கு.

கார் வந்தது. தாண்டிப் போனது. பிறகு நின்று, பின்னாலேயே வந்தது. சிவந்த முகமும் அரை டவுசருமாக ஓர் உயரமான ஆள் இறங்கினார். கூடவே தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர் விஷ்ணுவர்தனும் இறங்கினான். திருப்பதிக்காரன், வீட்டார் தலைமுறையாகக் கோயிலில் கைங்கரியம் செய்கிறவர்கள், இவன் பிளாஸ்டிக் படித்தவன். குருணைதான் காரணம் என்று ரிப்போர்ட் எழுதியவர்களில் ஒருவன்.

"பிரேமலதா, இது என்ன? இங்கெல்லாம் இப்படி உக்காரப்படாது."

"சார், அவருகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இதுல எதை வேணாலும் எடுத்து வுடச் சொல்லுங்க. மேல இருக்கற முத்திரையைப் பாக்க வாணாம். அடியில இருக்கற எழுத்தைப் பாத்து எடுக்கச் சொல்லுங்க."

விஷ்ணுவர்தன் தயங்கினான். அந்த மனிதர் காத்திருக்கவில்லை. அதற்குள் மண்டியிட்டுத் தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். எதிரில் இன்னும் யாருக்கும் ஒதுக்காத பொட்டல் நிலம். எறிந்தார். இவள் எறிந்ததைப்போல் இரண்டு மடங்கு தூரம் போயிற்று. ஏ, ஏ, பி, ஏ, பி, பி என்று எறிந்துகொண்டே போனார். இருபதாவது தட்டுக்குப் பிறகு நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஏதோ நீளமாகச் சொன்னார்.

விஷ்ணுவர்தன் மொழிபெயர்த்தான். "கருடன் மோசம், நட்சத்திரம்தான் நம்பிக்கையான பிராண்டுன்னு ரெண்டு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிண்டு இருக்காராம். இப்போ ஒரே குழப்பமா இருக்குங்கறார். எந்த பிராண்டை எறியறதுன்னு கேக்கறார்."

பிரேமலதா எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"பிராண்டு ஏது சார். ரெண்டும் ஒரே மிஷின் வாயில இருந்து வருது. நேராப் போறது பி ஷிப்ட்டு. அதுக்குக் காரணம் நான் வெச்ச கல்லு. அடுக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தும் அடுக்கினேன், கல்லும் வெச்சேன். இதையும் சேத்து சொல்லுங்க அவருக்கு."

விஷ்ணுவர்தன் குனிந்து ஒரு தட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு வாரம் உட்கார்ந்து தேடியும் கிடைக்காத காரணம் ரோட்டோரத்தில் கிடைத்தால் யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். ஆனால் அவன் நேர்மையாக முழுவதையும் சொன்னான். அதை இங்கே சொல்லாமல் விட்டால் பாவம்.

சாயங்காலம் மறுபடி எச்.ஆர். அறை. இந்தத் தடவை கடிதம் வேறு. 'இரு தரப்பிலும் ஏற்பட்ட தவறான புரிதலால் நடந்தது' என்று எழுதி, திங்கள்கிழமை வேலைக்கு வரலாம் என்று முடித்திருந்தார்கள். ஜெயச்சந்திரன் சிரித்த முகமாக இருந்தார். பிரேமலதா தெலுங்கு எழுத்தை விரல் வைத்து நிதானமாகப் படித்தாள். பேனாவை எடுத்தாள். மேடம் முகத்தில் நிம்மதி தெரிந்தது. இவள் 'இரு தரப்பிலும்' என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தாள்.

"தப்பாப் புரிஞ்சிக்கினது நீங்க. நான் எதையும் தப்பாப் புரிஞ்சிக்கலை. நான் செஞ்சது கல்லு வெச்சது. அதை எழுதுங்க. குருணை கலக்கலைன்னும் எழுதுங்க. ரெண்டுக்கும் சந்தகம் வெக்கறேன்."

"அப்படி எழுதினா உன் ஃபைல்ல எச்சரிக்கை விழும்மா," என்றார் ஜெயச்சந்திரன். "எதுக்கு வீணா?"

"வுழட்டும் சார். அது நான் செஞ்சது."

மறுபடி டைப் அடிக்க ஒன்றரை மணிநேரம் ஆயிற்று. வேண்டுமென்றே ஆக்கினார்கள் என்றுதான் நினைக்கிறேன். இவள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். பஸ் போய்விட்டது. காகிதம் வந்ததும் படித்தாள், தன் பெயரையும் அப்பா பெயரையும் ஊர்ப் பெயரையும் முழுசாக எழுதினாள். விதியை மீறியதற்கு எழுத்துமூலமான எச்சரிக்கை விழுந்தது. பழைய கடிதத்தைத் தன் எதிரில் கிழிக்கச் சொல்லி, கிழித்த பிறகுதான் எழுந்தாள்.

எச்சரிக்கை கொடுத்த அதே வாரத்தில் கம்பெனி எல்லா ஷிப்ட்டுக்கும் எடைக்கட்டை வாங்கிப் போட்டது. கடப்பாக் கல் இல்லை. மஞ்சள் பெயின்ட் அடித்த இரும்புப் பலகை, பிடி வைத்து, நம்பர் போட்டு. ரேக்கைத் தூக்கி வெளியே போட்டார்கள். எந்தக் குற்றத்துக்கு ஒருத்திக்கு எச்சரிக்கை கொடுத்தார்களோ அந்தக் குற்றத்தை இப்போது முந்நூறு பேர் முறைப்படி செய்தார்கள்.

ஆனால் தட்டு சரியாக வரவில்லை. ஏ ஷிப்ட்டில் அடித்தட்டு நசுங்கியது. மறுநாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பத்து நாள் பார்த்துவிட்டு விஷ்ணுவர்தன் பி ஷிப்ட்டுக்கு வந்தான். கையில் நோட்டு, கடிகாரம், சூடு பார்க்கும் கருவி. பிரேமலதா மெஷினில் இருந்தாள்.

"எவ்வளவு நேரம் வைக்கணும்? எத்தனை தட்டு? கொஞ்சம் விவரமா சொல்லுங்கோ, எழுதிக்கறேன். புது விதி போட்டு சுவத்துல ஒட்டணும்."

"சொல்றேன் சார். அந்தப் பேப்பர்ல கீழ 'தயாரித்தவர்'னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல யாரு பேரு வரும்?"

"அது... வழக்கமா இன்ஜினியர் பேர்தான் போடறது."

"அப்போ இன்ஜினியரையே கேட்டு எழுதிக்கோங்க."

சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்து விளிம்பு சீவினாள். கோபமாகச் சொல்லவில்லை; நேரமாகிறது, பஸ்ஸைப் பிடி என்பதுபோல் சொன்னாள். ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை வாங்கியவள். இன்னொன்று விழுந்தால் துடைப்பம்கூடக் கிடைக்காது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டு சீவினாள்.

விஷ்ணுவர்தன் போனான். இரண்டு நாள் வரவில்லை. அந்த இரண்டு நாளும் ஏ ஷிப்ட்டில் தட்டு நசுங்கியது. மூன்றாம் நாள் லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு வந்து, பேக்கிங் மேஜைமேல் திறந்துவைத்தான்.

அவள் சொல்லச் சொல்ல அடித்தான். ஒரு அடுக்குக்கு ஒன்பது தட்டு, பத்தாவது கூடாது. வந்த சூட்டோடு கல் வைக்கக் கூடாது. மேல்தட்டைக் கையில் பிடிக்க முடிகிற பதம் வந்த பிறகுதான். எடுக்கிற நேரம் கடிகாரத்தில் இல்லை. அடித்தட்டின் உள்பக்கத்தைத் தொட்டால் சூடு மாறியிருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒரு மாதிரி, வெயில் காலத்தில் ஒரு மாதிரி. இரண்டு பக்கம் வந்தது. கடைசியில் கட்டம். பழக்க தோஷத்தில் அவன் விரல் தன் பெயரையே அடித்துவிட்டது.

பிரேமலதா திரையைப் பார்த்தாள். அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மெஷின் அடுத்த தட்டைத் தள்ளியது, அதற்கடுத்ததையும் தள்ளியது. கமலம்மா ஓடிவந்து எடுத்தாள்.

"மன்னிக்கணும்," என்று விஷ்ணுவர்தன் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். "இனிஷியல் என்ன உங்களுக்கு?"

"ஜி," என்றாள். "கங்கையா பொண்ணு நானு."